ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குமுன்: சக்கர இயக்கத்தையும் கியர்பாக்ஸையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

2020-ஆம் ஆண்டு அறிமுகமான ஜி80 தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 செடான், அடுத்த ஆண்டுக்குள் மூன்று வகைகளில் கிடைக்கத் தொடங்கியது. மூன்றிலும் இருந்தது 3.0 லிட்டர் கொள்ளளவும் இரட்டை டர்போவும் கொண்ட அதே ஆறு சிலிண்டர் இன்ஜின். முதல் வகை, ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸுடன் பின்சக்கரங்களை மட்டும் ஓட்டியது. 480 குதிரைத்திறனும் 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் (டார்க், அதாவது அச்சைச் சுழற்றும் விசை) கொண்ட அந்த கார், நிறுவனம் அறிவித்தபடி, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4.2 விநாடியில் எட்டியது. காம்பெடிஷன் என்ற இரண்டாவது வகையும் பின்சக்கர இயக்கம்தான். எட்டு கியர் ஆட்டோமேட்டிக், 510 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர், 3.9 விநாடி. மூன்றாவது வகையில் அதே ஆட்டோமேட்டிக்கும் அதே 510 குதிரைத்திறனும் இருக்க, நான்கு சக்கரங்களும் ஓட்டப்பட்டன. எடை சுமார் 50 கிலோ கூடியது. நேரமோ 3.5 விநாடியாகக் குறைந்தது.

இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லாமல், எடையும் கூடிய ஒரு கார் எப்படி வேகமாகப் புறப்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர், விற்பனையாளர் நீட்டும் தகவல் தாளை வேறு கண்ணோடு படிப்பார். புதிதாக ஸ்போர்ட்ஸ் செடான் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் விலையையும் பார்த்துவிட்டு, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதில் வந்து நிற்கிறார்கள். எந்தச் சக்கரங்கள் ஓட்டப்பட வேண்டும் என்பதை முதலிலும், கியர்பாக்ஸை அதற்கு அடுத்தும் முடிவு செய்வதே சரியான வரிசை என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணம் டயரில் இருக்கிறது.

இன்ஜினில் பிறக்கும் முறுக்குவிசை கியர்பாக்ஸில் பெருக்கப்பட்டு, இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியலில் மறுபடியும் பெருக்கப்பட்டு, சக்கரத்தைச் சுழற்றி, டயர் சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசையாக முடிகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் தள்ள முடியும். அதற்கு மேல் வரும் விசை சக்கரத்தை வழுக்கிச் சுழலச் செய்து ரப்பரைத் தேய்க்குமே தவிர, காரை நகர்த்தாது. இதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. 1,700 கிலோ எடையும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் 2009 முதல் தயாரித்துவரும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் தலைமுறையில், முதல் கியரின் விகிதம் சுமார் 4.7. டிஃபரென்ஷியல் விகிதத்தைக் கணக்கு எளிமைக்காக 3 என்று வைத்துக்கொண்டால், சக்கரங்களைச் சென்றடையும் முறுக்குவிசை 500 × 4.7 × 3, அதாவது ஏறத்தாழ 7,050 நியூட்டன் மீட்டர். டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்றால், சாலையைத் தள்ளும் விசை 21,000 நியூட்டனைத் தாண்டுகிறது.

இனி டயரின் பக்கத்தைப் பார்ப்போம். எடை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பகிரப்பட்ட காராக இருந்தாலும், அழுத்திப் புறப்படும்போது எடை பின்பக்கம் சாய்வதால், பின்சக்கரங்கள் சுமார் 60 விழுக்காட்டைத் தாங்குகின்றன. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் தன்மேல் இருக்கும் சுமைக்கு ஏறத்தாழச் சமமான விசையைச் சாலைக்குக் கடத்தும். ஆகவே பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து கடத்தக்கூடியது சுமார் 10,000 நியூட்டன். நான்கு சக்கரங்களும் ஓட்டப்பட்டால் காரின் மொத்த எடையும் பயன்படுகிறது; அந்த எல்லை 16,600 நியூட்டனுக்கு அருகில் போகிறது. முதல் கியரில் இன்ஜின் தரக்கூடியது 21,000. பின்சக்கரம் ஏற்பது 10,000. மிச்சத்தை மின்னணுக் கட்டுப்பாடு இன்ஜினை அடக்கி வீணாக்குகிறது. நான்கு சக்கர இயக்கம் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொள்கிறது. எம்3-இன் 0.4 விநாடி வந்த வழி இதுதான்.

இதே கணக்கை மூன்றாவது கியருக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே விகிதம் சுமார் 2.1, சாலையைத் தள்ளும் விசை 9,500 நியூட்டன். அது பின்சக்கரங்களின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாவது கியருக்குப் போன பிறகு காய்ந்த சாலையில் நேராக ஓடும் காருக்கு நான்கு சக்கர இயக்கம் தரும் நன்மை அநேகமாக இல்லை. கூடுதல் எடையும் உராய்வும் மட்டும் கூடவே வருகின்றன. மழை பெய்தால் கணக்கு மாறுகிறது. ஈரச்சாலையில் பிடிப்பு பாதியை ஒட்டிக் குறையும்போது பின்சக்கரங்களின் எல்லை 5,000 முதல் 6,000 நியூட்டனுக்கு இறங்கிவிடும். நான்காவது கியரில், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்திலும்கூட, முழுமையாக மிதித்தால் சக்கரம் வழுக்கத் தொடங்கலாம். ஆகவே உங்கள் சாலை எவ்வளவு நாள் நனைந்திருக்கிறது, எத்தனை மாதம் பனி மூடியிருக்கிறது, கார் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்ற மூன்றுமே இயக்கத்தை முடிவு செய்ய வேண்டியவை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கம் காரை நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. வளைவில் காரை வெளியே போகவிடாமல் தாங்குவதும் எல்லாக் கார்களிலும் நான்கு டயர்கள்தாம். பனி மூடிய சாலையில், குளிர்கால டயர் பொருத்திய பின்சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயரோடு வரும் நான்கு சக்கர இயக்கக் காரைவிட மிகக் குறைந்த தூரத்தில் நிற்கும். கூடுதல் இயக்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு, தேய்ந்த அல்லது மலிவான டயரில் ஓடுபவர், காரை முன்னே தள்ளும் திறனை மட்டும் வாங்கிக்கொண்டு, நிறுத்தும் திறனை விட்டுவிடுகிறார். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முன்சக்கர இயக்கத்தில், இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்பக்கத்திலேயே குறுக்கே அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுகின்றன. செலவும் எடையும் குறைவு; பின்னிருக்கையின் நடுவே பெரிய மேடு தேவையில்லை. ஆனால் புறப்படும்போது எடை பின்னால் சாய்வதால், ஓட்டப்படும் சக்கரங்களின் மேல் இருக்கும் சுமை, பிடிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில் குறைகிறது. போதாததற்கு, திருப்பும் வேலையும் ஓட்டும் வேலையும் அதே இரண்டு டயர்கள்மேல் விழுகின்றன. வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காரின் மூக்கு வெளிப்பக்கம் நழுவுவதும், புறப்படும்போது ஸ்டீயரிங் கையில் இடமும் வலமுமாக இழுப்பதும் இதனால்தான். 150 அல்லது 160 குதிரைத்திறன் அளவில் இது ஒரு குறையாகவே தெரியாது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, ஹூண்டாய் வெர்னா டர்போ போன்ற, 250 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குவிசை கொண்ட கார்களுக்கு முன்சக்கர இயக்கமே பொருத்தம். அதற்கு மேல் கேட்பது வீண். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போல 250 குதிரைத்திறனைச் சுற்றி வரும்போது, மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் முன் டிஃபரென்ஷியல் லாக் தேவையாகிறது. வளைவின் உள்பக்கச் சக்கரத்தில் வீணாகும் விசையை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அது மாற்றித் தருவதால், காரின் மூக்கு வளைவுக்குள் இழுபடும். எனக்குத் தெரிந்தவரை, 300 குதிரைத்திறனுக்கு மேல் முன்சக்கர இயக்கம் ஒரு செடானுக்கு இயல்பான துணையாக இருப்பதில்லை.

பின்சக்கர இயக்கத்தில் வேலை பிரிந்துவிடுகிறது. முன் டயர்கள் திருப்புகின்றன. பின் டயர்கள் தள்ளுகின்றன. ஸ்டீயரிங்கில் இன்ஜினின் இழுப்பு கலப்பதில்லை என்பதால், சாலையின் தன்மை மட்டும் கைக்கு வந்து சேர்கிறது. வளைவைப் பாதி கடந்ததும் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தத் தொடங்கினால், பின்பக்கம் சற்று அமர்ந்து, கார் வளைவை முடித்துக்கொண்டு வெளியேறுவது இடுப்பிலும் முதுகிலும் தெளிவாகத் தெரியும். ஸ்டீயரிங்கோடு வலது காலும் சேர்ந்து காரைத் திருப்புகிறது என்பதை அந்த இடத்தில்தான் ஓட்டுநர் முதன்முதலாக உணர்கிறார். ஸ்போர்ட்ஸ் செடான் என்ற வகை வேர்விட்ட பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், 1975-இல் தொடங்கியதிலிருந்து, இந்த அமைப்பையே அடித்தளமாக வைத்து வளர்ந்தது. அளவுக்கு மீறி அழுத்தினால் பின்பக்கம் வெளியே சுழன்று வரும் என்பது இதன் ஆபத்து. இன்றைய மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர் அந்த அமைப்பை ஒருபோதும் அணைக்கக் கூடாது.

நான்கு சக்கர இயக்கம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடி நிறுவனம் 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் க்வாட்ரோ என்ற நான்கு சக்கர இயக்கக் காரை அறிமுகப்படுத்தியதிலிருந்து இந்த அமைப்பு சாலைக் கார்களுக்குள் பரவியது. ஆனால் அதன் உள்ளமைப்பு மூன்று வெவ்வேறு வழிகளில் போகிறது. முதல் வழியில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இயந்திர வகை டிஃபரென்ஷியல் ஒன்று எப்போதும் விசையைப் பகிர்ந்துகொண்டே இருக்கும். ஆடி எஸ்4 போன்ற, இன்ஜின் நெடுக்காக அமைந்த கார்களில் சாதாரண ஓட்டத்தில் முன்னுக்கு 40, பின்னுக்கு 60 என்ற விகிதம் வழக்கம். இரண்டாவது வழியில், கார் அடிப்படையில் முன்சக்கர இயக்கம்; தேவை ஏற்படும்போது ஒரு கிளட்ச் பின்சக்கரங்களை இணைக்கும். இன்ஜின் குறுக்கே அமர்ந்த ஆடி எஸ்3 போன்ற கார்களில் இருப்பது இதுதான். மூன்றாவது வழி அதற்கு நேர் மாறானது: கார் அடிப்படையில் பின்சக்கர இயக்கம், தேவையானபோது முன்சக்கரங்கள் இணையும். 3 சீரிஸ் போன்ற கார்களில் பிஎம்டபிள்யூ தரும் எக்ஸ்டிரைவ் இந்த வகை. ஸ்போர்ட்ஸ் செடானின் உணர்வைக் காப்பாற்றிக்கொண்டே மழைக்கும் பனிக்கும் பாதுகாப்புத் தருவது மூன்றாவது வழி என்பது என் கணிப்பு. எம்3-இல் நிலைப்படுத்தும் அமைப்பை அணைத்த பிறகு முன்சக்கரங்களை முழுதாக விடுவித்துப் பின்சக்கரங்களால் மட்டும் ஓட்டும் வசதியும் உண்டு. விற்பனையாளரிடம் நான்கு சக்கர இயக்கம் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்த மூன்றில் எது என்று கேளுங்கள்.

இனி கியர்பாக்ஸுக்கு வருவோம். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வரம்புக்குள்தான் நன்றாக உழைக்கும். கார் எந்த வேகத்தில் போனாலும் இன்ஜினை அந்த வரம்புக்குள் வைத்திருப்பதுதான் கியர்பாக்ஸின் வேலை. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்தச் சிறு இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

மேனுவலில் அந்த இடைவெளி ஓட்டுநரின் காலுக்கும் கைக்கும் உரியது. கிளட்சை மிதிக்கும் நேரம் முழுவதும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இன்றைய ஆட்டோமேட்டிக்கின் வேகத்தை எட்ட முடியாது. ஆக, வேகத்துக்காக மேனுவல் வாங்குவது இன்று பொருந்தாது. வளைவுக்கு முன்னால் பிரேக்கில் இருக்கும்போதே, கியரைக் குறைத்து, இன்ஜின் சுழற்சியைச் சரியாக உயர்த்தி, கிளட்சை விடும்போது கார் சிறு குலுக்கலும் இல்லாமல் இணைந்தால், அதில் கிடைக்கும் நிறைவுக்காகத்தான் மேனுவல். அந்த நிறைவை விரும்புபவர்கள் இருப்பதால்தான் காடிலாக் நிறுவனம் 2022 மாடல் சிடி5-வி பிளாக்விங் செடானை, 668 குதிரைத்திறன் கொண்ட வி8 இன்ஜினோடு ஆறு கியர் மேனுவலில் தந்தது. அதுவும் பின்சக்கர இயக்கம்தான். அன்றாடம் ஒரு மணி நேரம் நெரிசலில் கிளட்சை மிதித்து நிற்பவருக்கு, வாரக் கடைசியில் கிடைக்கும் அந்த நிறைவு ஈடாகுமா என்பதை அவரவரே எடைபோட வேண்டும்.

டூயல் கிளட்ச் வகையில், ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சிலும் இரட்டைப்படைக் கியர்கள் இன்னொரு கிளட்சிலும் அமைந்திருக்கும். நீங்கள் மூன்றாவது கியரில் போகும்போதே நான்காவது கோக்கப்பட்டுத் தயாராகக் காத்திருக்கிறது. ஒரு கிளட்ச் விடும் கணத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்வதால், தள்ளும் விசை அறுவதே இல்லை. 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் சோதித்த இந்த அமைப்பு, 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகப் பொதுச் சந்தைக்கு வந்தது. வேகமான ஓட்டத்தில் இதன் துல்லியம் இன்றும் மெச்சத்தக்கது. பலவீனம் வெளிப்படும் இடம் வேறு. மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் அடி அடியாக நகரும்போது, ஓட்டுநர் பிரேக்கைச் சற்றே தளர்த்தி, காரை இரண்டடி நகர்த்தி, மறுபடியும் நிறுத்துகிறார். ஒவ்வொரு நகர்வுக்கும் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் உழைக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயில் நனைந்த கிளட்சுகள் அந்தச் சூட்டைத் தாங்கும். குறைந்த முறுக்குவிசைக் கார்களில் வரும் உலர் கிளட்சுகள் சூடேறி, நடுக்கம் கொடுக்கத் தொடங்கலாம். நகர நெரிசலே உங்கள் பெரும்பாலான ஓட்டம் என்றால், கிளட்ச் நனைந்த வகையா உலர்ந்த வகையா என்று கேட்டறிவது அவசியம்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓட்டினால், அதன் காற்று மற்றதையும் சுழற்றுவது போல, இன்ஜின் பக்கத்துச் சக்கரம் கலக்கும் எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெரிசலில் நகரும்போது தேய்வதற்கு அங்கே கிளட்ச் எதுவும் சிக்குவதில்லை, எண்ணெய்தான் வழுக்குகிறது. அதனால்தான் இது அவ்வளவு மென்மையாக நகர்கிறது. பழைய ஆட்டோமேட்டிக்குகள் மந்தம் என்ற பெயரை வாங்கியதும் இதே எண்ணெய் வழுக்கலால்தான். இசட்எஃப்பின் எட்டு கியர் பெட்டி, புறப்பட்ட சிறிது நேரத்திலேயே உள்ளே இருக்கும் ஒரு பூட்டுக் கிளட்சால் இரு பக்கத்தையும் நேரடியாக இணைத்துவிடுகிறது; அதன் பிறகு வழுக்கலே இல்லை. இதன் தரத்துக்கு ஒரு சான்று போதும்: முந்தைய எம்3, எம்5 கார்களில் ஏழு கியர் டூயல் கிளட்சைப் பயன்படுத்திய பிஎம்டபிள்யூ, 2017-இல் வெளியிட்ட எம்5 முதல் டார்க் கன்வெர்ட்டருக்குத் திரும்பியது. கூடிக்கொண்டே போகும் முறுக்குவிசையைத் தாங்குவதும், பந்தயத் தளத்திலும் அலுவலக வாகன நிறுத்தத்திலும் ஒரே கார் ஒழுங்காக நடந்துகொள்வதும் இதில்தான் எளிது.

சிவிடி என்ற தொடர் விகித வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எரிபொருள் சிக்கனத்துக்கு அது நல்லது. அழுத்தினால் இன்ஜின் ஒரே சுரத்தில் இரைந்துகொண்டு, வேகம் பின்னால் வருவது போன்ற உணர்வு தருவதால், ஸ்போர்ட்ஸ் செடானுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறையில் எல்லாச் சேர்க்கைகளும் கிடைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எம்3-இல் மேனுவல் கேட்டால் நான்கு சக்கர இயக்கம் கிடையாது. இந்தியாவில் 2021-இல் 387 குதிரைத்திறனோடு வெளியாகி, செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் ஒன்றிணைக்கப்படும் 3 சீரிஸ் வரிசையின் எம்340ஐ, எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் எக்ஸ்டிரைவும் சேர்ந்த ஒரே சேர்க்கையில்தான் வருகிறது. மேனுவல்தான் வேண்டும் என்பவர் விர்டஸ் ஜிடி, வெர்னா டர்போ வரிசைக்கு இறங்கி வர வேண்டியிருக்கும். அப்படி இறங்குவதில் இழப்பு ஒன்றுமில்லை. நம் சாலைகளில் 150 குதிரைத்திறனை முழுமையாகப் பயன்படுத்தும் வாய்ப்பு, 400 குதிரைத்திறனைப் பயன்படுத்தும் வாய்ப்பைவிடப் பன்மடங்கு அதிகம். கியர்களை நன்றாக இழுத்து ஓட்டும் இன்பம் சிறிய இன்ஜினில்தான் சட்டத்துக்கு உட்பட்டுக் கிடைக்கிறது.

வீட்டில் ஒரே கார்தான், அதில் அலுவலகத்துக்கும் ஊருக்கும் மலைப்பாதைக்கும் போக வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை இது. 250 குதிரைத்திறன் வரை என்றால் முன்சக்கர இயக்கத்தைத் தயங்காமல் எடுக்கலாம். நெரிசல் குறைவென்றால் மேனுவல், நிறைந்த நெரிசல் என்றால் டார்க் கன்வெர்ட்டர் அல்லது நனைந்த கிளட்ச். 250-க்கும் 400-க்கும் இடையில், மழையும் பனியும் மிகுதியாக இல்லாத ஊரில், பின்சக்கர இயக்கமும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்தால் குறை சொல்ல எதுவுமில்லை. 400-ஐத் தாண்டினாலோ, ஆண்டில் பல மாதங்கள் சாலை நனைந்திருந்தாலோ, பின்பக்கம் சார்ந்த நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்.

சோதனை ஓட்டத்தில் விற்பனையாளர் காலியான நெடுஞ்சாலைக்கு அழைத்துப் போய் முழுமையாக மிதிக்கச் சொல்வார். எந்தக் காரும் அங்கே நன்றாகத்தான் ஓடும். நீங்கள் கேட்க வேண்டியது நெரிசலான ஒரு சாலையும், ஒரு ஏற்றமும், வாகன நிறுத்தத்தின் குறுகிய திருப்பமும். ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டு, கியர்பாக்ஸ் நடுங்காமல் காரை நகர்த்துகிறதா என்று பாருங்கள். மிதமான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்தி, எத்தனை நேரம் யோசித்துவிட்டுக் கியரைக் குறைக்கிறது என்று கவனியுங்கள்; முந்திச் செல்லும்போது நாள்தோறும் நீங்கள் எதிர்கொள்ளப்போவது அந்த யோசனையைத்தான். நான்கு சக்கர இயக்கம் என்றால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்து, கீழிருந்து இடிப்போ இறுக்கமோ தெரிகிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

பழைய காராக இருந்தால் அந்தக் கடைசிச் சோதனைக்கு முன்பே குனிந்து டயர்களைப் பார்த்துவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் நான்கு டயர்களின் சுற்றளவும் நிறுவனம் குறிப்பிட்ட பொருத்தத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு புதிதாகவும் இரண்டு தேய்ந்தும் இருந்தால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, விசையைப் பகிரும் பெட்டிக்குள் உள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். ஒரு டயர் ஆணி ஏறிப் பாழானாலும் சில நேரங்களில் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டி வருவது இதனால்தான். அந்தப் பெட்டியின் எண்ணெயும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு சர்வீஸ் பதிவில் சான்று கேளுங்கள்; ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்ற பதிலை ஏற்காதீர்கள். இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பரிந்துரைக்கிறது.